நூலை வெட்டுவதற்கு முன்: மணிமாலையைத் திட்டமிடுவது எப்படி?

அம்மாவின் பீரோவில் ஒரு சுருக்குப்பை உண்டு. அதற்குள் பதினேழு பவள மணிகள். பாட்டியின் கழுத்தில் கிடந்த மாலை எப்போதோ அறுந்து, உருண்டோடியதில் கைக்கு அகப்பட்டவை அவ்வளவுதான். "இதை வைத்து எனக்கு ஒரு மாலை கோத்துக் கொடேன்" என்று அம்மா சென்ற ஆண்டு அந்தப் பையை என் கையில் வைத்தார்.

அப்போது எனக்கு மணி கோக்கும் பழக்கம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கொக்கி மாட்டத் தெரியும், வயர் வளைக்கத் தெரியும். ஆனாலும் அந்தப் பதினேழு மணிகளை எடுத்தவுடன் கோக்கத் துணிவு வரவில்லை. கடையில் வாங்கிய கண்ணாடி மணி தவறிப்போனால் இன்னொரு சரம் வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் பவளத்துக்கு அப்படி ஒரு கடை கிடையாது. அதனால் ஒரு வாரம் நோட்டும் அளவுகோலும் துண்டுமாக உட்கார்ந்தேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மணி நகையில் திட்டமிடுவது என்றால் படம் வரைவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். படம் வரையத் தெரியாதவர்களும் அருமையாகத் திட்டமிடலாம். இது முக்கால் பங்கு அளவும் எண்ணிக்கையும்தான். எவ்வளவு நீளம், அந்த நீளத்தில் எத்தனை மணி அடங்கும், அவற்றை எந்தச் சரடு தாங்கும், எந்த மணி எங்கே உட்காரும் என்பதையெல்லாம் நூலை வெட்டுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்வதே திட்டம்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள்

அழகான மணியைப் பார்த்ததும் வாங்கிவிட்டு, பிறகு அதை என்ன செய்யலாம் என்று யோசிப்பது எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். எனக்கும் உண்டு. ஆனால் கணக்கு தொடங்க வேண்டிய இடம் அணியப்போகிறவரின் உடம்பு. ஒரு சாதாரண நூலைக் கழுத்தில் போட்டுக் கண்ணாடி முன் நின்று, மாலையின் அடிப்பகுதி எங்கே விழ வேண்டுமோ அங்கே வரும்படி நூலைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பிடித்த இடத்தில் முடிச்சுப் போட்டு, எடுத்து அளவுகோலில் வையுங்கள். அந்த எண்தான் உங்கள் நகையின் முதல் எண்.

நம் பாட்டிகள் அங்குலம் சொல்லவில்லை. அட்டிகை, ஆரம் என்று பெயரிலேயே நீளத்தைச் சொல்லிவிட்டார்கள். கழுத்தை ஒட்டிக் கிடக்கும் அட்டிகை இன்றைய கணக்கில் ஏறக்குறைய 14 முதல் 16 அங்குலம். 18 அங்குலம் பெரும்பாலானவர்களுக்குக் காறை எலும்பை ஒட்டி விழும். மார்புக்கு இறங்கும் ஆரத்துக்கு 28 அங்குலத்துக்கு மேல் வேண்டும். உடையையும் சேர்த்துப் பாருங்கள். ரவிக்கையின் கழுத்து விளிம்பும் மாலையின் அடியும் ஒரே கோட்டில் விழுந்தால் மாலை துணிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒரு அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளினால் போதும், இரண்டும் தனித்தனியாகத் தெரியும். அம்மா தினமும் புடவை உடுத்துபவர். நூலை வைத்துப் பார்த்ததில் அவருக்கு 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. சரியாக வந்தது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீளத்தை அங்குலத்தில் பேசினாலும் கணக்கை மி.மீட்டரில் போடுங்கள். மணிகள் 4 மி.மீ., 6 மி.மீ., 8 மி.மீ. என்றுதான் விற்கப்படுகின்றன. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

கைச்சங்கிலி ஏன் சேராமல் போகிறது?

மாலையைவிடக் கைச்சங்கிலி எளிது என்று நினைத்து அதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். மணிக்கட்டின் சுற்றளவு 160 மி.மீ. கையில் இருந்தது 8 மி.மீ. மணி. 160-ஐ 8-ஆல் வகுத்தால் 20. இருபது மணி கோத்து முடித்துக் கையில் சுற்றினேன். இரு முனைகளும் சேரவே இல்லை. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று மறுபடி எண்ணினேன். இருபதுதான் இருந்தது.

காரணம் எளிய வடிவியல். மணிகளைக் கோக்கும் நூல் மணிக்கட்டின் தோலை ஒட்டிச் செல்வதில்லை. ஒவ்வொரு மணியின் நடுவிலும் புகுந்து போகிறது. ஆகவே நூல் போடும் வட்டம், மணிக்கட்டின் வட்டத்தைவிடப் பெரியது. எவ்வளவு பெரியது? எல்லாப் பக்கமும் மணியின் பாதி அளவு வெளியே தள்ளியிருக்கிறது. எனவே விட்டத்தில் ஒரு முழு மணி கூடுகிறது. விட்டம் கூடினால் சுற்றளவு அதைப் போல 3.14 மடங்கு கூடும். 8 மி.மீ. மணிக்கு 8 × 3.14, அதாவது 25 மி.மீ. 160-உடன் 25 சேர்த்தால் 185. அதை 8-ஆல் வகுத்தால் 23 மணி. நான் மூன்று மணி குறைவாகக் கோத்திருந்தேன்.

இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் கைச்சங்கிலியில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். 4 மி.மீ. மணி என்றால் கூட்ட வேண்டியது 13 மி.மீ. மட்டுமே, 10 மி.மீ. மணி என்றால் 31 மி.மீ. வரை போகும். கையில் கொஞ்சம் அசைய வேண்டும் என்று விரும்பினால் இதற்கு மேல் இன்னும் 5 முதல் 10 மி.மீ. விடலாம். கழுத்தை ஒட்டும் அட்டிகைக்கும் இதே விதி பொருந்தும். நெஞ்சில் தளர்ந்து தொங்கும் நீண்ட மாலைக்கு இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

எண்ணிக்கையும் எடையும்

கடைகளில் மணிகள் பெரும்பாலும் 15 அல்லது 16 அங்குலச் சரமாகக் கிடைக்கும். 16 அங்குலச் சரத்தில் 4 மி.மீ. மணி ஏறக்குறைய 100, 6 மி.மீ. மணி 67, 8 மி.மீ. மணி 50 இருக்கும். ஆனால் 6 மி.மீ. என்று சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பத்து மணிகளை வரிசையாக ஒட்டி வைத்து மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். 5.7 என்றோ 6.2 என்றோ வரும். ஒரு மணியில் தெரியாத இந்தச் சின்ன வேறுபாடு, எழுபது மணி சேரும்போது அரை அங்குலமாகிவிடும்.

பொடிமணிகளுக்கு அளவு சொல்லும் முறை வேறு. 11/0, 8/0, 6/0 என்று எழுதியிருக்கும். எண் பெரிதானால் மணி சிறிது. 11/0 ஏறக்குறைய 2 மி.மீ., 8/0 ஏறக்குறைய 3 மி.மீ., 6/0 ஏறக்குறைய 4 மி.மீ.

எடையைப் பற்றிப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. அணிந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு கழுத்துதான் அதைச் சொல்லும். மணியின் குறுக்களவு இரட்டித்தால் எடை எட்டு மடங்காகிறது. 18 அங்குல மாலையை 6 மி.மீ. கண்ணாடி மணிகளால் முழுக்கக் கோத்தால் சுமார் 20 கிராம் வரும். அதே மாலை 10 மி.மீ. கண்ணாடி மணியில் 55 கிராமைத் தொடும். கடையில் ஒரே ஒரு மணியைக் கையில் வைத்துப் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. பெரிய மணியின் தோற்றம் வேண்டும், பாரம் வேண்டாம் என்றால் மரமணியையோ விதைகளையோ இடையிடையே வையுங்கள். காதணியில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு காதுக்கு 8 கிராமைத் தாண்டினால் நான் ஒரு மணியைக் கழற்றிவிடுவேன். தராசு இல்லாமல் காதணி செய்வதில்லை.

துளைதான் சரடைத் தீர்மானிக்கிறது

மணியின் நிறத்தையும் வடிவத்தையும் பார்க்கும் நாம் துளையைப் பார்ப்பதில்லை. ஆனால் மணி செய்பவர்களுக்கு மிகவும் கடினமான வேலையே துளையிடுவதுதான். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் சூதுபவளம், பளிங்கு போன்ற கல்மணிகள் செய்முறையின் வெவ்வேறு நிலைகளில் கிடைத்திருக்கின்றன. துளையிடும்போது உடைந்த ஒரு கல்மணி, அதற்கு முன் தேய்த்த உழைப்பு முழுவதையும் கொண்டுபோய்விடும். கண்ணாடியில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். புதுச்சேரிக்கு அருகே, 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்த பொடிக் கண்ணாடி மணிகள், உருகிய கண்ணாடியை நடுவில் துளையோடு நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்யப்பட்டவை. துளை முதலிலேயே வந்துவிடுகிறது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் கலை நம் காலம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

இதிலிருந்து நமக்கு உதவும் செய்தி ஒன்றுண்டு. கல், பவளம், முத்து ஆகியவற்றின் துளை குறுகலாகவும் மணிக்கு மணி மாறுபட்டும் இருக்கும். கண்ணாடி மணியின் துளை ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஆகவே சரடை வாங்குவதற்கு முன் இருப்பதிலேயே சிறிய துளையுள்ள மணியைத் தேடிப் பிடியுங்கள். அதில் நுழையும் சரடுதான் மொத்த நகைக்கும் சரடு.

மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுக்குள் எஃகு இழைகளை முறுக்கி வைத்த கம்பியை நம் ஊர்க் கடைகளில் கியர் வயர் என்று கேட்டால் தருவார்கள். 0.38 மி.மீ. வயர் பெரும்பாலான மாலைகளுக்குப் பொருந்தும். முத்து கோக்கப் பட்டு நூலே சிறந்தது. மணிக்கு மணி முடிச்சுப் போடுவதால் ஒன்றோடொன்று உராய்வதில்லை. நூல் அறுந்தாலும் ஒரே ஒரு முத்துதான் விழும். ஆனால் ஒவ்வொரு முடிச்சும் நீளத்தைக் கூட்டும். பத்து மணிக்கு முடிச்சுப் போட்டு அளந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். எலாஸ்டிக் நூல் விளையாட்டாகச் செய்யும் கைச்சங்கிலிக்கு மட்டும் போதும். நாளானால் தளர்ந்து அறுந்துவிடும் அந்த நூலில் விலையுள்ள மணியைக் கோக்காதீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம். சிதறிய மணி முதலில் போய்ச் சேரும் இடம் குழந்தையின் வாய்.

கியர் வயரில் கோக்கும்போது இன்னொன்றையும் முன்பே யோசிக்க வேண்டும். கொக்கியின் வளையத்தைச் சுற்றித் திரும்பும் வயர், கிரிம்ப் மணியை (அழுத்தினால் நசுங்கி வயரைப் பிடித்துக்கொள்ளும் சிறு உலோக மணி) கடந்து கடைசி இரண்டு மூன்று மணிகளுக்குள் மீண்டும் நுழைய வேண்டும். அதாவது அந்த மணிகளின் துளையில் வயர் இரண்டு முறை போக இடம் வேண்டும். குறுகிய துளையுள்ள மணிகளை முனையில் வைத்துவிட்டு, எல்லாம் கோத்து முடித்த பிறகு வயர் நுழையாமல் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முனைக்கு எப்போதும் தாராளத் துளையுள்ள மணிகளை ஒதுக்குங்கள்.

பதினேழு பவளங்களின் கணக்கு

இப்போது அம்மாவின் மாலைக்கு வருகிறேன். மொத்த நீளம் 457 மி.மீ. கொக்கி, வளையங்கள், கிரிம்ப் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அளந்ததில் 25 மி.மீ. மணிகளுக்கு மிஞ்சியது 432.

பவளங்கள் ஒரே அளவில் இல்லை. 5 மி.மீ. முதல் 7 மி.மீ. வரை, கொஞ்சம் உருளை வடிவம். அனைத்தையும் வரிசையாக வைத்து அளந்தேன்: 102 மி.மீ. முழு மாலைக்கு இது எவ்விதத்திலும் போதாது. மாலை முழுவதும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தூவலாமா என்று முதலில் யோசித்தேன். அப்படிச் செய்தால் ஐந்து ஆறு பவளங்கள் தோளுக்குப் பின்னால் கூந்தலுக்கடியில் போய்விடும். மாலையின் பின்புற மூன்றிலொரு பங்கை யாரும் பார்ப்பதில்லை. அங்கே வைக்க வேண்டியவை சிறிய, வழவழப்பான, முடியில் சிக்காத மணிகள். ஆக, பதினேழு பவளங்களும் முன்னால் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பதினேழு ஒற்றைப்படை எண். அது நல்லதாய்ப் போயிற்று. இருப்பதில் பெரியது நடுவில், இருபுறமும் எட்டு எட்டாக அளவு குறைந்துகொண்டே போகும்படி அடுக்கினேன். இரட்டைப்படை என்றால் நடுவில் இடைவெளி விழும். கண் அங்கே ஒரு மணியைத் தேடும். அந்தச் சமயத்தில் நடுவில் ஒரு டாலரைத் தொங்கவிடலாம்.

பவளங்களுக்கு இடையிலும் இரு முனைகளிலும் 3 மி.மீ. பித்தளைக் குண்டுகள் வைத்தேன். பதினாறு இடைவெளி, இரு முனை, மொத்தம் பதினெட்டுக் குண்டு: 54 மி.மீ. பித்தளைக் குண்டின் துளை விளிம்பு நூலை அறுக்கும் என்பதால்தான் பட்டு நூலை விட்டுக் கியர் வயருக்குப் போனேன். இன்னொரு பயனும் கிடைத்தது. ஒரு பவளத்தின் துளை ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தது. பித்தளைக் குண்டை அதன்மேல் ஒட்டி வைத்ததும் அந்த வடு மறைந்துவிட்டது.

பவளமும் குண்டும் சேர்ந்து 156. மீதி 276, ஒரு பக்கத்துக்கு 138. அங்கே என்ன மணி வைப்பது? சிவப்புக் கண்ணாடி மணியை வைத்துப் பார்த்தேன். உண்மைப் பவளத்துக்குப் பக்கத்தில் அதைப் போன்ற ஒரு சிவப்பு வந்ததும் இரண்டுமே களையிழந்து போயின. நிறத்தில் என் அனுபவம் இதுதான்: ஒன்று அதே நிறமாக இருக்கட்டும், இல்லையென்றால் தெளிவாக வேறாக இருக்கட்டும், கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நிறம் கண்ணை உறுத்தும். கருகமணி போன்ற 4 மி.மீ. கறுப்புக் கண்ணாடி மணியை வைத்ததும் பவளம் தீக்கங்கு போல் எழுந்து நின்றது. 138-ஐ 4-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 34 மணி, இருபுறமும் 68 மணி, 272 மி.மீ.

156-உம் 272-உம் சேர்ந்து 428. மீதமாகும் 4 மி.மீட்டரை நிரப்ப இன்னொரு மணி தேட வேண்டாம். சரம் வளைந்து விழ அந்தத் தளர்வு தேவை. நெருக்கி இறுக்கிய மாலை கழுத்தில் கம்பி போல் விறைத்து நிற்கும். அதனால்தான் கடைசிக் கிரிம்பை அழுத்தும்போது மாலையை நேராக வைக்காமல், கழுத்தில் கிடப்பது போல வட்டமாக வளைத்துப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும்.

துண்டின் மேல் ஒரு இரவு

கணக்கு முடிந்ததும் மணிகளை அப்படியே கோத்துவிடாமல் பரப்பிப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு உதவாது. மணிகள் உருண்டு கலந்துவிடும். பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்து, நீளவாக்கில் ஒரு மடிப்புப் பள்ளம் விழும்படி வையுங்கள். அந்தப் பள்ளத்தில் மணிகள் அசையாமல் உட்காரும். நெளிவு நெளிவான அட்டைப்பெட்டியின் உள்பக்கமும் இதற்கு நன்றாக உதவும்.

சாயமேற்றிய கல்மணிகள் இருந்தால் பரப்பும்போதே ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு மணியை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் வியர்வையிலும் ஒட்டும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஒழுங்கில்லாத கோவைதான் பிடிக்கும், பல நிறத்தையும் கலந்து வந்தபடி கோப்பேன் என்பவர்களும் பரப்பிப் பார்க்கத்தான் வேண்டும். கண்ணை மூடிக் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கோத்தால் ஓரிடத்தில் நான்கு நீலம் சேர்ந்து நிற்கும், இன்னோரிடத்தில் நீலமே இருக்காது. கலைந்து தெரிய வேண்டிய மாலைக்குத்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது.

பரப்பியதை ஓர் இரவு அப்படியே விடுங்கள். டியூப்லைட்டில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு மணிகள் காலை வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும். பவளத்தில் எனக்கு அதுதான் நடந்தது. இரவில் ஜோடியாகத் தோன்றிய இரண்டில் ஒன்று, சன்னல் பக்கம் கொண்டுபோனதும் சற்று வெளிறி இருந்தது. இரு பக்கமும் நான்காவது இடத்தில் வைத்திருந்த அந்த ஜோடியை முனைகளுக்கு நகர்த்தினேன். நகர்த்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கோத்த பிறகு தெரிந்திருந்தால் கிரிம்பை வெட்டி, வயரை வீணாக்கி, எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் வயரை வெட்டினேன். மாலையின் நீளம் 46 செ.மீ., இரு முனையிலும் கொக்கிக்குத் திருப்பக் கைப்பிடியாக ஏழரை ஏழரை, ஆக 61 செ.மீ. கோக்கும்போது மறுமுனையில் ஒரு காகிதக் கிளிப்பை மாட்டிவிட்டால் மணிகள் வழுக்கி ஓடாது. கோக்க எடுத்துக்கொண்ட நேரம் நாற்பது நிமிடம்.

பவளமும் முத்தும் சுண்ணத்தன்மை கொண்டவை. புளிப்பு பட்டால் அரிக்கும், வாசனைத் திரவியம் பட்டால் பளபளப்பு மங்கும். ஒப்பனையெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போட்டுக்கொள்ளும்படியும், கழற்றியதும் மெல்லிய துணியால் துடைக்கும்படியும் அம்மாவிடம் சொன்னேன். "உன் பாட்டியும் அப்படித்தான் துடைப்பார்" என்றார்.

வாங்கிய சரத்தில் கறுப்பு மணிகள் 98 இருந்தன. மீதமான 30 மணிகளையும், ஒரு சாண் கியர் வயரையும், இரண்டு கிரிம்ப் மணிகளையும் ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி, நீளம், எண்ணிக்கை, வரிசை எல்லாம் எழுதிய நோட்டுத் தாளை மடித்துச் சேர்த்து, பவளங்கள் இருந்த அதே சுருக்குப்பையில் போட்டு அம்மாவின் பீரோவில் வைத்திருக்கிறேன்.